நோயாளியைக் கேட்கும் தாள் பிறந்த கதை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஹோமியோபதி மருத்துவரிடம் முதல்முறை போகிறவர் கொஞ்சம் திகைத்துப்போவார். அரிப்பு என்று சொல்லிக் கையை நீட்டுவார். மருத்துவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாததுபோல வேறு கேட்பார். தாகம் எடுக்குமா? புளிப்பு பிடிக்குமா, இனிப்பா? ராத்திரி போர்வை வேண்டுமா, காலை வெளியே நீட்டிப் படுப்பீர்களா? கோபம் வந்தால் கத்துவீர்களா, உள்ளேயே வைத்துக்கொள்வீர்களா? என்ன கனவு வரும்? இப்படி நேரம் போகும். பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்தோடு நின்று, இரண்டு நிமிடத்தில் சீட்டு வாங்கிவந்து பழகியவருக்கு இது புதுசு. சிலருக்கு எரிச்சல் வரும். பலருக்கு, தன்னையும் ஒருவர் உட்காரவைத்து இவ்வளவு கேட்டாரே என்று மனசு நிறையும்.

இந்தக் கேள்விகளுக்கு இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட வம்சாவளி உண்டு. 1755இல் ஜெர்மனியின் மைசன் நகரத்தில் பிறந்த சாமுவேல் ஹானிமன், 1810இல் தன் ‘ஆர்கனான்’ நூலை வெளியிட்டார். அதன் பிந்தைய பதிப்புகளில் 83ஆம் பத்தி தொடங்கி 104ஆம் பத்தி வரை நோயாளியை எப்படிக் கேட்பது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நோயாளி பேசும்போது குறுக்கிடாதே. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. ஒவ்வொரு குறியையும் தனி வரியில் எழுது, பின்னால் அவர் ஞாபகம் வந்து சொல்வதைச் சேர்க்க இடம் விட்டுவை. ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்காதே. பதிலை நீயே நோயாளியின் வாயில் ஊட்டாதே. கூட இருப்பவர்களிடமும் விசாரி. அட்டை விட்டு ரத்தம் உறிஞ்சுவதும் பேதிக்குக் கொடுப்பதுமே வைத்தியமாக இருந்த ஐரோப்பாவில் ஒருவர் இப்படி எழுதிவைத்தார். ஹோமியோபதி மருந்தைப் பற்றி எந்தக் கருத்து உள்ளவரும் இந்தப் பத்திகளைப் படித்தால் நன்மைதான். இன்றைக்கு மருத்துவ மாணவருக்கு நேர்காணல் சொல்லிக்கொடுக்கும் எந்த ஆசிரியரும் இவற்றில் பாதியையாவது தன் பாடத்தில் வைத்திருப்பார்.

ஹானிமன் கொடுத்தவை கேட்கும் நெறிகள். அவை பட்டியலாக மாறியது அவருடைய சீடர்களால். போனிங்ஹாசன் என்பவர் சட்டம் படித்தவர், தாவரவியலில் கைதேர்ந்தவர்; தன் நோய் குணமான பிறகு இந்தப் பக்கம் வந்தார். செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பழகிய கண்ணால் நோய்க்குறிகளையும் பிரித்தார். எந்த இடத்தில் வலி, என்ன மாதிரி வலி, எப்போது கூடுகிறது, எதனால் குறைகிறது என்று அடுக்கி 1846இல் ஒரு கையேடு போட்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டைலர் கென்ட் 1897இல் இதைவிடப் பல மடங்கு பருமனான அகராதியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குறிக்கும் நேராக மருந்துகளின் பெயர்களை மூன்று வகை எழுத்தில் அச்சிட்டார்: தடித்த எழுத்துக்கு மூன்று, சாய்ந்த எழுத்துக்கு இரண்டு, சாதாரண எழுத்துக்கு ஒன்று என்று மதிப்பெண். நோயாளியின் பேச்சை எண்ணாக்கும் பழக்கம் ஹோமியோபதிக்குள் இப்படித்தான் வந்தது. தமிழ்நாட்டுக்கு மருந்து கென்டின் அகராதிக்கு வெகு முன்பே வந்துவிட்டது. சாமுவேல் புரூக்கிங் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய மருத்துவர் 1840களின் பிற்பாதியிலேயே தஞ்சாவூரில் ஹோமியோபதி மருத்துவமனை நடத்தினார்.

மருத்துவர் இப்படிக் கேட்டு அறிய முயல்பவற்றில் மற்றவற்றைவிட வழுக்கலான ஒன்று ஏற்புத்திறன். ஒரே மழையில் நனைந்த நான்கு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. நோயை வாங்கிக்கொள்ளும் இந்த வேறுபாட்டைத்தான் ஹோமியோபதியர் ஏற்புத்திறன் என்கிறார்கள். நோய்க்கு மட்டும் அல்ல, மருந்துக்கும் உடம்பு அதே கணக்கில்தான் அசையும் என்பது அவர்கள் கொள்கை. மருந்தை எத்தனை படி நீர்க்கச் செய்தார்கள் என்பதே வீரியம்; ஏற்புத்திறன் மிகுந்தவருக்கு இருநூறாம் வீரியமோ அதற்கு மேலோ, மந்தமானவருக்கு ஆறோ முப்பதோ என்று முடிவு செய்வார்கள். ஆகவே இதைச் சரியாக அளந்தால்தான் அவர்கள் வைத்தியம் அவர்கள் கணக்குப்படியே சரியாக நடக்கும். பழைய தலைமுறை மருத்துவர்கள் இதை அனுபவத்தால் எடைபோட்டார்கள். வயது, தேகவாகு, நடை, பேச்சு எல்லாம் பார்த்து மனசுக்குள் ஒரு முடிவுக்கு வருவார்கள். இப்போது கேள்விகளை எழுதி, பதிலுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையால் ஏற்புத்திறனைச் சொல்லும் தாளை உருவாக்க முயற்சிகள் நடக்கின்றன. அது நல்ல ஆசை. ஒருவர் மனசுக்குள் வைத்திருந்ததை எல்லோரும் பார்க்கும்படி தாளில் இறக்கினால்தான் அது சரியா தவறா என்று இன்னொருவர் கேட்க முடியும்.

ஆனால் தாளில் எதை இறக்குவது? ஏற்புத்திறன் பற்றிப் பாடநூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பெயர் ஸ்டூவர்ட் குளோஸ். புரூக்ளினில் தொழில் செய்த இவர் 1924இல் வெளியிட்ட தத்துவ நூலில் ஏற்புத்திறனுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. யாருக்கு எந்த வீரியம் என்பதற்கு இன்னொன்று. குழந்தைகளுக்கும் உணர்ச்சி வேகம் உள்ளவர்களுக்கும் மூளை உழைப்பில் இருப்பவர்களுக்கும் ஏற்புத்திறன் அதிகம் என்கிறார் அவர். வெளியில் நெடுநேரம் கடுமையாக உழைத்து, குறைவாகத் தூங்கி, முரட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு. அடுத்து ஒரு வரிசை வருகிறது: புகையிலை வேலை செய்பவர்கள், மது காய்ச்சுபவர்கள், மருந்துக்கடைக்காரர்கள், வாசனைப் பொருள் செய்பவர்கள், ரசாயனத் தொழிலாளர்கள். ஓயாமல் அந்தப் பொருள்களின் நடுவிலேயே கிடப்பதால் இவர்களுடைய உடம்பு மருந்துக்கு மந்தமாகிவிடும், குறைந்த வீரியம்தான் வேண்டியிருக்கும் என்பது அவர் தீர்ப்பு.

பாலாற்றங்கரையில் உட்கார்ந்து இந்தப் பகுதியைப் படித்தால் நெஞ்சில் தைக்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் அவர் சொன்ன கடும் உழைப்பும் ரசாயனமும் ஒரே ஆளிடம் கூடியிருக்கின்றன. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் இன்று பெரும்பாலும் குரோமில் ஊறுகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமியம் சல்பேட்டும், பிறகு சாயமும் எண்ணெயும். தோல் ஷாப் என்னும் பதனிடும் ஆலையில் டிரம் பக்கத்தில் நிற்பவர் கை இவை எல்லாவற்றையும் தொடுகிறது. ஷூ கம்பெனியில் மேல்தோலை ஒட்டும் பெண் நாள் முழுக்கப் பசையின் ஆவியைச் சுவாசிக்கிறார். குளோஸின் வரிசையை அப்படியே கேள்வியாக்கி, ‘தொழில்: ரசாயனம் - மதிப்பெண் குறைவு’ என்று போட்டுவிட்டால், இந்த வட்டாரத்தின் உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர், வாயைத் திறக்கும் முன்பே மந்தமான உடம்பு என்று முத்திரை குத்தப்படுவார்கள்.

அந்த முத்திரை மருத்துவ உண்மைக்கும் பொருந்தாது. குளோஸ் எழுதுவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே, 1906இல், வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கிவிட்டார். ஒரு பொருளோடு பழகப் பழக உடம்பு மரத்துப்போவதும் உண்டு, மாறாக அதற்குக் கூர்மையாவதும் உண்டு என்பதை அவர் கண்டார். தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்குவதில் குரோமியம் பேர்போன உலோகம். சிமெண்ட் குழைக்கும் கொத்தனார்களின் கையில் வரும் படை இதற்குப் பழைய உதாரணம். அதற்குக் காரணம் சிமெண்டில் உள்ள குரோமியம். வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாத பொருள் ஒருநாள் திடீரென்று பகையாகும். அப்படி ஒருமுறை பகைத்துக்கொண்ட உடம்பு பிறகு துளி பட்டாலும் கொப்புளிக்கும். பாலியூரிதேன் வேலைகளில் வரும் ஐசோசயனேட் ஆவி மூச்சிரைப்பில் இதே வேலையைச் செய்கிறது. அப்படியானால் இருபது வருஷம் தோல் ஷாப்பில் இருந்த ஒருவரின் ஏற்புத்திறன் குறைவா, கூடுதலா? ஒரு பொருளுக்கு மரத்தும், இன்னொரு பொருளுக்குக் கூர்த்தும் இருப்பவரை ஒரே எண்ணால் சொல்ல முடியுமா? ஏற்புத்திறன் தாளைச் செய்ய உட்காருகிறவர் முதலில் பதில் தேடவேண்டிய கேள்வி இது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வழிகாட்ட ஆள் தேடி ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ போகவேண்டியதில்லை. ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே ஹோமியோபதிக்குத் தொடர்பே இல்லாத ஒரு துறையில், நோயாளியைக் கேட்கும் தாள்களைப் பிறக்கவைத்து, நடக்கவைத்து, தவறியதைத் திருத்திய நெடிய வரலாறு இருக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. அதை நிறுவிய ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர். நோயாளியைத் தனியே அடைத்துவைக்காமல் குடும்பத்தாரையும் கூடவே தங்கவைத்தார்கள். இதனால் மருத்துவர்களுக்கு ஒரு வசதி கிடைத்தது. நோயைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார், அம்மா என்ன நினைக்கிறார், மாமனார் என்ன நினைக்கிறார் என்பது தினமும் காதில் விழுந்தது. செய்வினை, கிரகம், நரம்புத் தளர்ச்சி, அதிர்ச்சி, கெட்ட காற்று என்று ஆளுக்கொரு காரணம். அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1978இல் தன் சகாக்களோடு எழுதிய கட்டுரையில், இந்த மாதிரி நம்பிக்கைகளை மருத்துவர் ஒதுக்கித் தள்ளாமல் கேட்டு அறிய வேண்டும் என்று சொல்லி, அதற்குச் சில எளிய கேள்விகளையும் கொடுத்திருந்தார். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது வந்தது, எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்கிற வகை.

அந்தக் கேள்விகளை ஒரு முறையான நேர்காணலாக மாற்றியவர்களில் வேலூரைச் சேர்ந்த கே.எஸ். ஜேக்கப் ஒருவர். கீத் லாயிட், விக்ரம் பட்டேல் முதலியவர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய குறுகிய நேர்காணல் 1998இல் வெளிவந்தது. அதன் முதல் சோதனைகள் லண்டனிலும் ஜிம்பாப்வேயின் ஹராரேயிலும் நடந்தன. அதில் ஆமாம், இல்லை என்று அடைக்கும் கேள்விகள் குறைவு. நோயாளியைப் பேசவிட்டு, அவர் சொன்னதைப் பிறகு வகைப்படுத்துவார்கள். ஹானிமனின் விதிகளை அவர்கள் மனதில் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கவனமாகக் கேட்க நினைத்தவர்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்னாளில் வேலூரில் அந்த நேர்காணலைப் பயன்படுத்திய ஆய்வுகள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டின. ஒரே நோயாளி ஒரே நேரத்தில் செய்வினையையும் சொல்வார், மூளைக் கோளாறையும் சொல்வார். கோயிலுக்கும் போவார், மாத்திரையும் போடுவார். ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டம் போட்ட தாள் இந்த மனுஷரைப் பிடிக்காது.

விக்ரம் பட்டேல் ஹராரேயில் செய்த இன்னொரு வேலையும் இங்கே சொல்லத்தக்கது. வெளிநாட்டுத் தாளை ஷோனா மொழிக்குப் பெயர்த்துக்கொண்டு நிற்காமல், அங்குள்ள நோயாளிகளும் நாட்டு வைத்தியர்களும் தங்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தச் சொற்களிலிருந்தே பதினான்கு கேள்விகள் கொண்ட தாளை 1997இல் தந்தார். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று ஷோனா மக்கள் சொல்லும் குறி அதில் ஒரு கேள்வி. நம் ஊரில் ‘மனசுல ஓடிக்கிட்டே இருக்கு’ என்று சொல்லும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி சட்டென்று புரியும்.

வேலூர் நகரத்தை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக வீடுவீடாகப் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் பதிந்துவருகிறது. கிராமத்துப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். தாளைச் சோதிக்க இதைவிட நல்ல களம் அமையாது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வை அங்கே தமிழில் கேட்கப்பட்ட முறையான நேர்காணலால் அளந்தார்கள். முடிவு 2002இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. பிள்ளை பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அது வர வாய்ப்பு அதிகம் என்பதற்குக் கிடைத்த பதில்களும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, கை உதவிக்கு ஆள் இல்லாமை. நோய்க்கு யார் எளிதில் ஆளாகிறார் என்று அறிவதுதானே ஏற்புத்திறன்? அதை அறிய மாமியாரைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று லண்டனில் உட்கார்ந்து யாருக்குத் தோன்றியிருக்கும்?

தாள் தோற்ற கதையும் கணியம்பாடியில்தான் நடந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பாடம். முதுமை மறதி நோயைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் பணக்கார நாடுகளிலேயே நடக்கிறது, நோயாளிகளோ மூன்றில் இரண்டு பங்கு ஏழை நாடுகளில் இருக்கிறார்கள் என்ற ஆதங்கத்தில் 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு பன்னாட்டுக் குழுவைத் தொடங்கினார்கள். கணியம்பாடி அவர்களுடைய கள ஊர்களில் ஒன்றானது. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களை வீடு தேடிப்போய்க் கேட்டார்கள். 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கில், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையை வைத்துப் பார்த்தால் இந்தியக் கிராமப்புறத்தில் நோய் வெறும் 0.3 சதவீதம், கியூபாவிலோ 6.3 சதவீதம். அதே முதியவர்களை அந்தக் குழு தானே வகுத்த அளவுகோலால் பார்த்தால் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. பெரியவர்கள் அதேதான், ஊரும் அதேதான்; மாறியது அளவுகோல்.

ஏன் இப்படி? அமெரிக்க வரையறையின்படி, மறதியால் ஒருவருடைய அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கவேண்டும். நம் கிராமத்தில் எழுபது வயது தாத்தாவுக்கு மருமகள் சோறு போட்டுக் கொடுக்கிறாள், பேரன் பணம் எண்ணிக் கொடுக்கிறான். அவர் வங்கிக்குப் போவதில்லை, கணக்கு எழுதுவதில்லை. நினைவு தேய்ந்தாலும் வாழ்க்கை கெட்டதாக வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்பார்கள். இன்னொரு பக்கம், நினைவைச் சோதிக்கும் கேள்விகள் பள்ளிக்கூடம் போனவருக்காகச் செய்யப்பட்டவை. உலகமெங்கும் பயன்படும் 1975ஆம் வருஷத்துச் சோதனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். ஒருநாளும் பேனா பிடிக்காத பாட்டி அதில் தோற்றால் நோய் அவரிடம் இல்லை, தாளில் இருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கட்டில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்து, 1990களில் இந்தி வடிவம் செய்தபோது கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். எழுத்து தெரியாதவருக்கும் கிழமை தெரியும்.

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊர் முடிவுகளை மறைக்கவில்லை. படிப்பில்லாதவர்களை இந்தத் தாள்கள் தவறாக நோயாளி ஆக்குகின்றன என்று தாங்களே எழுதினார்கள். பிறகு படிப்பையும் பண்பாட்டையும் சாராத குறுகிய தாள்களைத் தாங்களே உருவாக்கி 2009இல் வெளியிட்டார்கள். ஒன்று முதியவரைக் கேட்பது, மற்றொன்று அவரோடு வாழ்பவரைக் கேட்பது. அவற்றுக்கு வேலூரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு மறுபடி ஆம்பூருக்கு வருகிறேன். ஏற்புத்திறன் தாள் இங்கே பிறக்கவேண்டுமானால் என்னென்ன நடக்கவேண்டும்?

கேள்விகளைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. தோல் ஷாப்பில் வேலை செய்பவர், ஷூ கம்பெனிப் பெண், மண்டி வைத்திருப்பவர், வீட்டிலிருக்கும் பாட்டி என்று பலரையும் உட்காரவைத்து, உங்கள் உடம்பு எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதவேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் உருதுவில் கேட்கவேண்டும், தமிழ்த் தாளைப் பெயர்த்த உருதுவில் அல்ல.

ஹோமியோபதியின் பழைய கேள்விகள் ஒவ்வொன்றும் இங்கே எப்படிப் பிசகும் என்பதையும் பார்க்கவேண்டும். தாகத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் கொஞ்சமாகத்தான் குடிப்பேன் என்று ஒரு பெண் சொன்னால், தாகமில்லா உடம்பு என்று ஒரு மருந்தின் பக்கம் மருத்துவர் சாய்வார். அவர் வரிசையில் நின்று வேலை செய்பவராக இருந்தால், நினைத்தபோது எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாததால் தண்ணீரையே குறைத்திருக்கலாம். அது அவருடைய தேகவாகு அல்ல, வேலையின் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு குடிப்பீர்கள் என்று சேர்த்துக் கேட்டால் உண்மை வந்துவிடும். சூடு, குளிர்ச்சிக் கேள்வியும் அப்படியே. கென்ட் வழியினர் வெப்பம் தாங்காதவரை ஒரு கூட்டமாகவும் குளிர் தாங்காதவரை இன்னொரு கூட்டமாகவும் பிரிப்பார்கள். கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில் வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லாதவர் யார்? ‘எனக்குச் சூட்டு உடம்பு’ என்று ஒருவர் சொன்னால், வாய்ப்புண்ணையும் நீர்க்கடுப்பையும் மாம்பழம் ஒத்துக்கொள்ளாததையும் அவர் சொல்கிறார். கென்ட் கேட்டது அது இல்லை.

வாசனைக் கேள்வி எல்லாவற்றையும்விட நுட்பமானது. நாற்றம், நறுமணம் தாங்காமை கூர்மையான ஏற்புத்திறனின் அடையாளமாகக் கருதப்படுகிறது. வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர் தோல் வாடை வரும்போதே மூக்கைப் பொத்துவார். இங்கேயே பிறந்தவருக்கு அது தெரியவே தெரியாது. மூக்கு தொடர்ந்து வரும் வாசனையை விட்டுவிடும் என்பது உடலியல். அதற்கும் அவருடைய தேகத்தின் அடிப்படைக் கூர்மைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியமில்லை. அதே ஆளிடம் மல்லிகையையோ பெட்ரோலையோ பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம்.

கேள்விகள் தேறிய பிறகு சோதனை. இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைத் தனித்தனியே கேட்டு ஒரே மதிப்பெண்ணுக்கு வருகிறார்களா? தற்செயலால் ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உண்மையான ஒற்றுமையைக் கணக்கிட ஜேக்கப் கோஹன் 1960இலேயே வழி சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து அதே மருத்துவர் அதே நோயாளியைக் கேட்டால் மதிப்பெண் நிற்கிறதா? கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கக் கிரான்பாக் 1951இல் தந்த அளவையும் இருக்கிறது. மாணவர்களின் ஆய்வேடுகளில் அதைத்தான் முதலில் போடுவார்கள். ஆனால் கேள்விகள் ஒற்றுமையாக இருப்பதாலேயே அவை சரியான பொருளை அளக்கின்றன என்று ஆகிவிடாது. பத்துக் கேள்வியும் ஒற்றுமையாக வறுமையை அளந்துகொண்டிருக்கலாம்.

கடைசிச் சோதனைதான் கடினம். ஏற்புத்திறன் மிகுந்தவர் உயர்ந்த வீரியத்துக்கு நன்றாக அசைவார் என்பது கொள்கை. அப்படியானால் முதலில் தாளால் மதிப்பெண் போட்டு அதை மூடி வைக்கவேண்டும். பிறகு எந்த வீரியம், அல்லது வெறும் சர்க்கரை உருண்டையா என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி கொடுத்து, பலனைப் பதிந்து, இறுதியில் மதிப்பெண்ணைத் திறந்து ஒப்பிடவேண்டும். பன்னிரண்டாம் வீரியத்தைத் தாண்டினால் கரைசலில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்பது வேதியியல் கணக்கு. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015இல் அதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு சொன்னது. இதை மறுக்க விரும்பும் ஹோமியோபதியருக்கும், இதை ஏற்பவருக்கும், இப்படிப்பட்ட சோதனையைவிட நேர்மையான வழி வேறு இல்லை.

மருந்தைப் பற்றிய தீர்ப்பு எப்படி வந்தாலும், நன்றாகச் செய்யப்பட்ட தாள் வீணாகாது. தொழில், கையில் படை, மூச்சிரைப்பு, எந்த ரசாயனத்தைத் தொட்டபின் எத்தனை நாளில் வந்தது, விடுமுறையில் குறைகிறதா என்ற கேள்விகள் அதில் இருந்தால், ஆம்பூரின் சின்னச் சின்னக் கிளினிக்குகளில் வருஷக்கணக்கில் சேரும் தாள்கள் இந்தத் தொழிலாளர்களின் உடல்நிலையைச் சொல்லும் ஆவணமாகும். பாலாற்று மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த புகழ்பெற்ற தீர்ப்பு நிலத்தையும் நீரையும் பற்றி விரிவாகப் பேசியது. தோல் ஷாப்பில் நிற்பவரின் கையையும் நுரையீரலையும் பற்றி அப்படி விரிவாகப் பேச, யாராவது அவரைக் கேட்டு எழுதிவைத்திருக்கவேண்டும்.

ஹோமியோபதிக் கல்லூரிகளில் ஆய்வேட்டுக்காக இந்தத் தாளைச் செய்யப்போகும் மாணவர்களுக்கும் அவர்களுடைய வழிகாட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். குளோஸின் வரிசையை மதிப்பெண்ணாக மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் ஆம்பூரில் தங்கி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு பேசுங்கள். பாகாயத்துக்குப் போய், தாள் செய்தவர்களிடம் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்; அவர்கள் ஆங்கில மருத்துவர்கள், நாம் ஹோமியோபதி என்ற வேலி இந்த வேலைக்குத் தேவையில்லை. உங்கள் தாள் சோதனையில் தோற்றால் கணியம்பாடிக்காரர்கள் செய்தது போல அதையும் அச்சிட்டு வெளியிடுங்கள்.